ஸ்டிக்கர் உரித்த பவர் சப்ளை

கம்ப்யூட்டரின் பவர் சப்ளை புகைந்து அணைந்ததுமே, புதிதுக்குப் பதில் பழையதை வாங்கி மாட்டினால் என்ன என்று தோன்றியது. ஹார்ட் டிஸ்க்கில் என் கல்லூரி புராஜெக்ட் இருந்தது. வேறு நகல் கிடையாது.

கம்பம் பஜாரில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்பவர் கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தார். ஏலக்காய்ப் பையை எடை பார்ப்பதுபோல் ஒவ்வொரு பவர் சப்ளையாகக் கையில் ஏந்திப் பார்த்து, கனமான ஒன்றை எடுத்தார். பிறகு அதன் ஸ்டிக்கரை அந்த நகத்தால் உரித்தார்.

“அண்ணே, எத்தன வாட்டுன்னு அதுலதான போட்டுருக்கும்?”

“அத நம்பித்தானப்பா போனதப் பொகைய விட்ட?”

பதில் சரிதான். ஆனால், உரித்த ஸ்டிக்கரை ஏன் கிழியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்? வேறொன்றில் ஒட்டி விற்கவா? அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் சின்னமனூர் வரும்வரை அதே யோசனை.

முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஸ்விட்சைப் போடப் போகிறேன்.