நான் வாசிக்காமல் விட்ட பக்கம்

எண்பதுகளின் நடுவில், சுவிற்சர்லாந்தின் ஆரா நகரில் அகதிகளுக்கென்று கொடுத்த ஒரு வீட்டில் ஏழு பேர் இருந்தோம். எல்லோரும் யாழ்ப்பாணத்தார். அந்த ஊர் ஜெர்மன் மொழியான டொச் படிப்பிக்க வந்த ஆசிரியை எனக்கு ஒரு நாவல் தந்தார். அமெரிக்காவில் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்த கொடுமையைச் சொல்லும் கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் தமிழில் எல்லோருக்கும் வாசித்துச் சொல்வேன்.

தாயையும் பிள்ளையையும் வெவ்வேறு ஆட்களுக்கு விற்ற இடத்தில், எங்களுக்குள் மூத்தவரான அண்ணை கண்ணைத் துடைத்தார். "உவங்கள் மனுசரோ?" என்று கேட்டார். எங்கள் எல்லோருக்கும் கோபம் பொங்கியது. அந்த எசமானை நாங்கள் திட்டிய திட்டுக்கு அளவில்லை.

எங்கள் ஏழு பேரில் ஒருவர் மட்டும் வாசல் பக்கம் தனியாக இருந்து கேட்பார். ஊரில் கோயிலுக்குள்ளும் கிணற்றடிக்கும் விடாத சாதியில் பிறந்தவர். வீட்டில் இருந்த ஏழு கப்பும் ஒரே மாதிரி வெள்ளை. ஆறு அலுமாரியில் இருக்கும், அவருடையது மட்டும் ஜன்னலோரம். அவர் வந்த முதல் நாளே அண்ணை அப்படி எடுத்து வைத்தார், நாங்கள் வாய் திறக்கவில்லை. காணியை விட்டு, வீட்டை விட்டு, உடுத்த உடுப்போடு ஓடி வந்தவர்கள், இதை மட்டும் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தோம். வெட்கங்கெட்ட கூட்டம்.

ஒரு ஞாயிறு, எசமான் வீட்டில் சமைக்கும் அடிமைப் பெண்ணைப் பற்றிய பக்கம் வந்தது. அந்த வீட்டுச் சாப்பாடு முழுக்க அவள் கைபட்டது. அவள் தண்ணீர் குடிக்க மட்டும் வாசலில் தனியாக ஒரு தகரப் பேணி. என் கண் ஜன்னலுக்குப் போனது. தாளைப் புரட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கினேன்.

"தம்பி, ஒரு பக்கத்தை விட்டிட்டியள்," என்றார் வாசலில் இருந்தவர். அவரும் அதே ஆசிரியையிடம் வாங்கி முன்பே வாசித்திருந்தார். "அந்தப் பேணியைப் பற்றின பக்கம். அதையும் சொல்லுங்கோ."

சொன்னேன். அன்றைக்கு ஒருவரும் எசமானைத் திட்டவில்லை.

"அது அடிமையளின்ர கதை. இதுக்குள்ள சாதியைக் கொண்டு வராதையுங்கோ," என்றார் அண்ணை.

"நான் சாதியைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லையே," என்றார் அவர். எழுந்து போய் ஜன்னலோரம் இருந்த கப்பைக் கழுவித் துடைத்து, அலுமாரியில் எங்கள் கப்புகளோடு வைத்தார். "இனி இது இஞ்சதான் இருக்கும்."

மறுநாள் காலை, மாறி எடுத்துவிடக் கூடாதென்று அண்ணை தன் கப்பின் பிடியில் சிவப்பு நூல் கட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு நிறத்தில் கட்டினார்கள். மத்தியானம் பார்த்தால் ஆறு கப்பில் நூல், அவருடையதில் மட்டும் இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆறாவது நூலைக் கட்டியது, அத்தனை ஞாயிறும் அடிமைகளுக்காகத் தொண்டை கிழிய வாசித்த நான்தான்.