ஜெபத்துக்காகக் கழற்றிய பூட்ஸ்

மட்டாஞ்சேரி சுக்கு குடோனில் மூட்டை தூக்கும் தேவதாஸ் எழுதுகிறேன். சபையில் உங்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். நீளமாக ஜெபிக்கிறவன் என்று தெரியும். மைக் என் கைக்கு வந்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று நீங்கள் கேலி பேசுவதும் எனக்குத் தெரியும்.

பாம்பு கடித்து என் மைத்துனன் பொன்ராஜ் பிழைத்ததைச் சாட்சியாகச் சொல்லும்படி பாஸ்டர் மூன்று முறை கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன். ஊருக்குப் போகிறேன் என்றேன். மூன்றாவது முறை என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. கர்த்தர் செய்த நன்மையை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நின்று சொன்னால் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். அதனால் எழுதிப் பாஸ்டரிடம் வாசிக்கக் கொடுக்கிறேன்.

பொன்ராஜ் என் மனைவி கிரேஸின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லை. கிரேஸ் கல்யாணமாகி திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தபோது துணிப்பெட்டியோடு அவனையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். இன்றைக்கும் அவனுக்குச் சோறு போட்ட பிறகுதான் எனக்குப் போடுவாள். வளர்ந்து ஆளாகி என்னோடு அதே குடோனில் வேலை செய்கிறான். நல்லவன், உழைப்பாளி. அப்போதெல்லாம் சபைக்கு மட்டும் வரமாட்டான். கூப்பிட்டால், "நீங்க ஆமென் சொல்லுததுக்குள்ள ஞாயித்துக்கெழமையே முடிஞ்சிரும் அத்தான்" என்று சிரிப்பான்.

போன வருஷம் ஓணத்துக்கு முந்தின சனிக்கிழமை. எங்கள் முதலாளிக்குக் கோதமங்கலத்துக்கு அப்பால் காட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம் உண்டு. கப்பை என்கிற மரவள்ளியும் வாழையும் போட்டிருந்தார். காட்டுப்பன்றி இறங்கி ஒன்று விடாமல் கிளறிவிட்டது. பஞ்சாயத்தில் அனுமதி வாங்கி, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் பேபிச்சேட்டன் என்பவரை ஏற்பாடு செய்தார்கள். அவர் நாய்களோடு ஒரு பக்கம் நிற்பார். ஆட்கள் புதருக்குள் தட்டிக்கொண்டே நடந்து பன்றியை அவர் பக்கம் விரட்ட வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஆள் போதாது என்று முதலாளி எங்கள் இருவரையும் அனுப்பினார்.

சுட்ட பன்றியை யாரும் தின்னக்கூடாது, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும் என்பது சட்டம். பஸ்ஸில் போகும்போது பொன்ராஜுக்கு அந்த ஒரு துக்கம்தான். "அவ்வளவு கறியும் மண்ணுக்கா அத்தான்" என்று வழிநெடுக அங்கலாய்த்தான்.

காலை ஆறரை மணி. பேபிச்சேட்டன் ஜீப்பிலிருந்து ஒரு சாக்கைக் கொட்டினார். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ்கள். எல்லோரும் போட்டுக்கொண்டோம். அவர் சொன்னவை இன்னும் என் காதில் இருக்கின்றன. கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே நட. கிடக்கும் மரத்தைத் தாண்டாதே, மேலே ஏறிப் பார்த்து அந்தப் பக்கம் இறங்கு. பொந்திலும் சருகுக்குள்ளும் கை விடாதே. கடைசியாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "மூர்க்கன் உள்ள ஸ்தலமாணு. எந்து வந்தாலும் பூட்ஸ் கழட்டண்டா, கேட்டோ?" மூர்க்கன் என்றால் அவர்கள் பேச்சில் நல்லபாம்பு. நான் தலையாட்டினேன். படகில் ஏறும்போது கேட்கிற அறிவிப்பைப் போலத்தான் கேட்டேன்.

அவர் நாய்களோடு சுற்றிக்கொண்டு போனார். விசில் கேட்டதும் நாங்கள் உள்ளே இறங்க வேண்டும். அதுவரை சும்மா நிற்பானேன், ஜெபிப்போம் என்றேன். ஊர்க்காரர்கள் நின்ற இடத்திலேயே தலை குனிந்தார்கள். நான் என் பூட்ஸைக் கழற்றினேன். நம் சபையில் செருப்போடு யாரும் உள்ளே வருவதில்லை. செருப்போடு ஜெபிக்க எனக்கு வாயே வராது. பொன்ராஜ் கழற்றாமல் நின்றான்.

"சேட்டன் கழட்டாதன்னு சொன்னாரே அத்தான்."

"பூட்ஸோட கர்த்தர் முன்னால நிப்பியால? கழட்டு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அவனுக்கு நம்பிக்கை கிடையாது. ஊர்க்காரர்கள் முன்னால் அத்தானுக்கு மரியாதைக் குறைவு வரக்கூடாது என்றுதான் கழற்றினான். அது எனக்கு அப்போதே தெரியும்.

வழக்கம்போல நீளமாக ஜெபித்தேன். பன்றியின் கோரைப்பல்லிலிருந்து காப்பாற்றும் என்றேன். வழுக்கும் பாறையிலிருந்து காப்பாற்றும் என்றேன். விஷப்பாம்பிலிருந்து காப்பாற்றும் என்றும் வாய்விட்டுக் கேட்டேன். நடுவில் ஒரு முறை கண்ணைத் திறந்தேன். பொன்ராஜின் ஒரு பூட்ஸ் சருகின் மேல் சரிந்து கிடந்தது. நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆமென் சொன்ன பிறகு செய்யலாம் என்று மறுபடி கண்ணை மூடினேன். நாய்கள் அந்தப் பக்கம் புதரைக் கலைத்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் அது உள்ளே போயிருக்க வேண்டும்.

விசில் கேட்டது. அவசர அவசரமாகக் காலை நுழைத்தோம். இரண்டு பேரும் உதறவில்லை. பொன்ராஜ், "ஸ்ஸ், முள்ளு" என்றான். சமாளித்துக்கொண்டு ஐம்பது அடி நடந்தான். பிறகு உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தான். ஒரு சாண் நீளக் குட்டி விழுந்தது. விழுந்ததும் படம் எடுத்தது. ஒரு கரண்டி அகலம்தான் இருக்கும்.

நான் என் துண்டை எடுத்து அவன் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் ஜெபிக்க அங்கேயே முழங்கால் போட்டேன். ஓடி வந்த பேபிச்சேட்டன் முதலில் அந்தக் கட்டை அவிழ்த்து எறிந்தார். கடிவாயை ஒருவரையும் தொடவிடவில்லை. காலில் இரண்டு கம்பை வைத்து அசையாதபடி துணி சுற்றினார். பொன்ராஜ் எழுந்து நிற்கப் பார்த்தான். "நடக்கண்டா!" என்று கத்தித் தடுத்தார். என்னைப் பார்த்து, "பிரார்த்தனை வண்டியில் ஆவாம். இப்போ காலைப் பிடி" என்றார்.

பிடித்தேன். ஜீப்பில் என் மடியில் அந்தக் கால். மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று சேட்டன் ஓட்டிக்கொண்டே போனில் கேட்டார். வழியில் வந்த ஒன்றைத் தாண்டிப் போனார். பொன்ராஜ் முதலில் பேசிக்கொண்டுதான் வந்தான். "நீங்க ரெண்டு பேரா தெரியுதீங்க அத்தான்" என்றான். பிறகு, "கண்ணு தொறக்க மாட்டேங்கு" என்றான். பிறகு நாக்கு குழறியது. எச்சில் வழிந்தது. விழுங்க முடியவில்லை.

சகோதர சகோதரிகளே, நாற்பது நிமிஷம். மணிக்கணக்கில் ஜெபிக்கிறவனுக்கு ஒரு வரி வரவில்லை. நெஞ்சு மரத்துக் கிடந்தது. பயம் வரவில்லை. அழுகை வரவில்லை. அவன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஏறும்போது "மூச்சு" என்றேன். இறங்கியதும் மறுபடி "மூச்சு" என்றேன். ஆண்டவரே என்று கூப்பிடக்கூட இல்லை. அந்த ஒரு சொல்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் மூச்சு ஏறக்குறைய நின்றுவிட்டது. குழாய் போட்டு இயந்திரத்தில் வைத்தார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மத்தியானம் கிரேஸ் வந்தாள். அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பூட்ஸ் குடுத்தாங்கன்னு சொன்னீங்க. பெறகு எப்படிக் கடிச்சுது?"

"உள்ளே இருந்திருக்கு" என்றேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். பொன்ராஜின் முதல் பேச்சு, "பன்னி மாட்டிச்சா?" கிரேஸ் சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு அதே கேள்வியை அவனிடமும் கேட்டாள். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "உறுத்திச்சுக்கா. நாந்தான் கழட்டி வெச்சேன். உதறாமப் போட்டுட்டேன்" என்றான்.

எனக்காகப் பொய் சொன்னான். நானும் மறுக்காமல் இருந்துவிட்டேன். அவள் அவனைத் திட்டினாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பல மாதம் திட்டினாள். பல மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் பிழைத்ததற்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மூட்டை தூக்கினேன், சாயா குடித்தேன், சபைக்கு வந்தேன். பாட்டு வேளையில் கை தட்டினேன். எதுவும் உள்ளே இறங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிரேஸ் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கழற்றத் தயங்கியதையும், நான் அதட்டியதையும், சரிந்து கிடந்த பூட்ஸைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடியதையும் சொன்னேன். அவள் கழுவிக்கொண்டே இருந்தாள். கடைசி மீன் வரைக்கும் கழுவினாள். பிறகு எழுந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ரெண்டு நாளைக்கு எங்கிட்ட பேசாதீங்க." உள்ளே போனவள் திரும்பி வந்து, "இனி எங்க ஜெபம் பண்ணாலும் சுருக்கமாப் பண்ணுங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் நான் அழுதேன். பாம்பு கடித்த நாளிலிருந்து முதல் முறையாக.

அதற்குப் பிறகு என்னால் நன்றி சொல்ல முடிகிறது. கர்த்தர் அவனைக் காப்பாற்றினார். என் நீளமான ஜெபம் அவன் பூட்ஸைக் கழற்ற வைத்தது. என் ஒற்றைச் சொல் ஜெபத்துக்கு அவர் பதில் கொடுத்தார். பேபிச்சேட்டனின் கையிலும், ஜீப்பின் சக்கரத்திலும், அந்த மருந்துப் புட்டியிலும் அந்தப் பதில் இருந்தது. இன்று நான் குடோனில் சாக்கை உதறாமல் தூக்குவதில்லை. செருப்பைத் தட்டாமல் போடுவதில்லை. அதுவும் ஜெபத்தின் ஒரு பங்கு என்று நினைக்கிறேன். எங்கே நின்றாலும், காலில் என்ன இருந்தாலும் அவரைக் கூப்பிடுங்கள். ஒரு சொல் போதும். அவர் கேட்பார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

கடித்த இடம் விஷத்தில் அழுகியதால் பொன்ராஜின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பஞ்சு வைத்துத் தைத்த ஷூ போட்டுத்தான் நடக்கிறான். அதில்லாமல் அவனால் நிற்க முடியாது. நாலு வாரமாக ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிறான். யாரும் கூப்பிடவில்லை, தானாக வருகிறான். நம் சபை மாடியில் இருக்கிறது. படிக்கட்டில் நம் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். அவன் அந்தச் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஆராதனை முடிகிற வரைக்கும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன். "ஷூவோட எப்படி அத்தான்" என்றான்.

அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

இதைப் பாஸ்டர் வாசித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அவன் படிக்கட்டில்தான் இருப்பான். நான் போய்க் கூப்பிட்டால் மறுபடி என் மரியாதைக்காக வருவான். அப்படி வேண்டாம். வாசலுக்கு அருகில் இருக்கிறவர்கள் யாராவது எழுந்து போய் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வாருங்கள். ஷூ காலிலேயே இருக்கட்டும்.