பூவுக்குப் பின்னால்

பூவைப் படம் எடுக்க முதலில் மண்டியிட வேண்டும். நின்றபடி எடுத்தால், மேலிருந்து பார்த்த வழுக்கைத் தலை மாதிரிதான் வரும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஏறிவிட்டால் இதழின் நிறம் வெளுத்துத் தெரியும். காற்று நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கிட்டே போகப் போக, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து வெறும் நிறமாகிவிடும். இதையெல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்தக் காலை நேரம் எனக்கே எனக்கானது. அதில் அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில்தான் யாருக்கும் அது புரியவில்லை. படங்களைக் காட்டினால் நாலாவது பூவிலேயே என் கணவருக்குக் கொட்டாவி வந்துவிடும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஆம்பூரில் எங்கள் தெருக்கோடியில் ஒரு டேனரி, தோல் பதனிடும் ஆலை. அங்கே தோல் சீவும் மிஷினில்தான் அவருக்கு வேலை. டேனரியின் பின்சுவரை ஒட்டி ஓடும் கால்வாயில் ஆகாயத்தாமரை பூக்கும். வெளிர் ஊதா இதழ்கள். மேல் இதழில் மட்டும் மயிலிறகின் கண்போல ஒரு மஞ்சள் பொட்டு. டேனரிக் கழிவு கலக்கும் அந்தக் கால்வாயை யாரோ போனில் படம் பிடித்து அதிகாரிகளுக்கு அனுப்பிவிட, டேனரியைக் கொஞ்ச நாள் மூடி அப்போதுதான் திறந்திருந்தார்கள். "அந்தப் பக்கம் போனத் தூக்கினு போவாத" என்று கணவர் சொல்லியிருந்தார். கால்வாயை எடுத்தால்தானே வம்பு, பூவை எடுத்தால் என்ன என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு காலையில் கால்வாயோரம் மண்டியிட்டு மூச்சைப் பிடித்திருந்தபோது பூவின்மேல் ஒரு நிழல் விழுந்தது. வெளிச்சம் போச்சே என்ற எரிச்சலோடு நிமிர்ந்தேன். டேனரி சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"இன்னாம்மா எடுக்கற? போனக் குடு."

கொடுத்துவிட்டேன். அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளினார். ஆகாயத்தாமரை, எருக்கம்பூ, மறுபடி ஆகாயத்தாமரை. பூவுக்குப் பின்னால் கலங்கலாக ஏதோ நிறம், அவ்வளவுதான். ஆனால், கிட்டே போகக் கற்றுக்கொள்வதற்கு முன் நான் எடுத்த முதல் படம் ஒன்று இருந்தது. அதில் தும்பைப்பூ ஓரமாக, சின்னதாக இருக்கும். நடுவில் சுவரைத் துளைத்து வரும் குழாயும், நுரையும், சுவரில் எழுதிய டேனரியின் பெயரும் பளிச்சென்று தெரியும். அவர் விரல் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

"நீ நம்ம மிஷின்காரர் சம்சாரம் தானே?"

ஆமாம் என்றால் கணவர் வேலைக்கு ஆபத்து. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். சூப்பர்வைசர் இன்னும் தள்ளினார். செம்பருத்தி. அரளி. பிறகு கொட்டாவி விட்டார்.

"எல்லாம் பூவாவே கீது. ஒரே பேஜாரு. வூட்டுக்குப் போம்மா."

அந்தக் கொட்டாவியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. போனை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

சாயந்திரம் கணவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாலு பூவுக்குமேல் தாங்காத மனிதர், ஒன்று விடாமல் எல்லாப் படங்களையும் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பூவை அவர் பார்க்கவே இல்லை. "இதுல பின்னாடி இன்னா தெரியுது? அந்த சொவரா?" என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. அவர் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை. தும்பைப்பூ வந்ததும் அந்தப் படத்தை அழித்தார்.

இப்போது மாடியில் தொட்டி வைத்துப் பூ எடுக்கிறேன். வழக்கம்போல மண்டியிடுகிறேன், மூச்சைப் பிடிக்கிறேன். பயம் மட்டும் போகவில்லை. காலையில் சொந்தக்காரர்கள் குட் மார்னிங் போட்டு ரோஜாப்பூ அனுப்பினால்கூட, என் கண் முதலில் போவது அந்த ரோஜாவுக்குப் பின்னால்தான்.