2.10 முதல் 2.20 வரை நின்றவர்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். நடந்தது எனக்கு. பேய் நடுராத்திரியில்தான் வரும் என்பவர்கள், பட்டப்பகலில் ஒரு புல்வெளியில் தனியாக வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

புல்வெளி நடுவில் ஓர் ஆள் உயரக் கம்பம். அதன் உச்சியில் கருவிகள். வெயிலில் மண்ணும் புல்லும் காய்ந்து, அந்தச் சூடு காற்றோடு மேலே போகும். மேலிருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கருவி நொடிக்கு இருபது முறை அளக்கும். கரியமில வாயுவையும் சேர்த்துத்தான். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கம்பத்தடிக்கு ஆள் போகக் கூடாது. உடம்புச் சூடும் மூச்சும் அளவைக் கெடுத்துவிடும். போயே தீர வேண்டுமென்றால், நேரத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரத்துப் பதிவை நீக்கிவிடுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

“பதினெட்டு நாளா, மத்தியானம் 2.10லேருந்து 2.20 வரைக்கும் கம்பத்தடியில யாரோ மூச்சு விடுறாங்க. நீங்கதானே?”

“நான் போகல சார்.”

“இங்க வேற யாரு இருக்கா? பேசாம நோட்டுல கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா வருஷப் பதிவே செல்லாது. உங்க வேலையும் போயிடும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“போகாத இடத்துக்குப் போனேன்னு எழுத மாட்டேன் சார். 2.10க்கு நீங்களே பாருங்க.”

இருநூறு அடி தள்ளியிருந்த தகரக் கொட்டகையில், திரை முன்னால் இருவரும் உட்கார்ந்தோம்.

2.08. காற்று நின்றது.

2.10. கரியமில வாயுக் கோடு ஏறியது... இறங்கியது. ஏறியது... இறங்கியது. நிமிடத்துக்குப் பதினாறு முறை. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கம்பத்தடியில் ஒருவரும் இல்லை.

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ கோபம்தான் வந்தது. எவனோ விடும் மூச்சுக்கு நான் பழி சுமப்பதா? விறுவிறுவென்று வெளியே நடந்தேன்.

“போகாதீங்கம்மா.”

போனேன்.

கம்பத்தடியில் இரண்டு பாதம் அளவுக்குப் புல் நசுங்கியிருந்தது. கொளுத்தும் வெயிலில் அங்கே மட்டும் சில்லென்றிருந்தது.

ஹ்ஹா... ஹ்ஹா...

என் காதோரம்.

“யாரா வேணா இரு. உனக்காக நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

சத்தம் நின்றது.

நசுங்கிய புல் நிமிர்ந்தது.

ஓரடி தள்ளி, வேறு புல் நசுங்கியது.

கொட்டகையை நோக்கி...

ஓடினேன். சார் நோட்டின் மேல் குனிந்திருந்தார். ‘2.10 முதல் 2.20 வரை நான் நின்றேன்.’ கீழே அவருடைய கையெழுத்து. மை காயவில்லை.

“யாராவது ஒருத்தர் போட்டாத் தீர்ந்துது. விடுங்க” என்றார். ஜீப்பில் ஏறிக் கிளம்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து கோடு சுத்தம். என் வேலையும் தப்பியது. ஆனால் மனசு கேட்கவில்லை. பத்து நாள் கழித்துப் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். மூன்று வருஷத்துக்கு முன், எனக்கு முன்னால் இருந்தவர் அதே வரியை ஒரே ஒரு முறை எழுதியிருந்தார். அவர் எண்ணுக்கு அடித்தேன். மனைவி எடுத்தார்.

“அவர் தவறிட்டாரும்மா. மூணு வருஷமா மத்தியானமானா மூச்சு விட முடியாமத் தவிப்பார். பத்து நிமிஷம். டாக்டருங்க ஒண்ணுமில்லைன்னாங்க. போன மாசம் நாலாந்தேதி அப்படியே போயிட்டார்.”

இந்த முறை கம்பத்தடியில் முதல் மூச்சு பதிவானது அதற்கு மறுநாள், ஐந்தாம் தேதி.

மணி பார்த்தேன். 2.12. சாரைப் போனில் கூப்பிட்டேன். எடுத்தார். பேச்சு வரவில்லை. ஏதோ கீழே உருண்டு விழும் சத்தம் மட்டும்...

நோட்டை இழுத்தேன். அவர் கையெழுத்தைக் காகிதம் கிழியக் கிழியப் பேனாவால் அடித்தேன்.

2.14.

“ஹலோ... யாரு?” என்றார் சார், மூச்சு வாங்கிக்கொண்டே.

திரையில் கோடு ஏறத் தொடங்கியது.