எங்கள் பள்ளியில் அரசியல் சட்டம் தோற்ற கதை

இந்திய அரசியல் சட்டத்தை ஒருமுறை நான் தோற்கடித்திருக்கிறேன். ஓசூரில், எங்கள் பள்ளி மைதானத்தில், ஒரு குடியரசு தினத்தன்று காலையில் அது நடந்தது. அப்போது நான் ஏழாம் வகுப்பு.

அரசியல் சட்டம் உருவான கதையை நாடகமாகப் போட வேண்டுமென்று எங்கள் சமூக அறிவியல் டீச்சருக்கு ஆசை. சட்டம் எழுதிய அவையின் தலைவர் வேடத்துக்கு அடிதடியே நடந்தது. சட்டத்தை எதிர்த்துப் பேசும் உறுப்பினரின் வேடத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அது வில்லன் வேடமாம். வாயாடி என்று பெயரெடுத்திருந்த என் தலையில் டீச்சர் அதைக் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அம்மா மோட்டார் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தாள். கெலமங்கலம் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து கம்பெனிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். ஆனால் எத்தனை வருடமானாலும் வேலை நிரந்தரமாகவில்லை. காண்ட்ராக்டர் வா என்றால் வேலை, வேண்டாம் என்றால் வீடு. அதனால் கம்பெனியில் வாயே திறக்க மாட்டாள். அதற்கும் சேர்த்து வீட்டில் பேசுவாள்.

அன்று களி கிண்டிக்கொண்டே என் வசனத்தைச் சொல்லச் சொன்னாள். மூக்கை உறிஞ்சியபடி ஒப்பித்தேன். "ஓட்டுப் போடும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. வேலைக்கான உரிமையை மட்டும் முடிந்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்று ஏன் தள்ளி வைத்தீர்கள்? வேலை இல்லாதவன் எந்த நீதிமன்றத்துக்குப் போவான்?"

கிண்டுகிற கை நின்றுவிட்டது.

"இத நெசமாவே யாராச்சும் கேட்டாங்களா பாப்பா?"

"சட்டம் எழுதறப்பவே கேட்டாங்கம்மா. டீச்சர் சொன்னாங்க. ஆனா எல்லாரும் கை தூக்கி அவங்களத் தோக்கடிச்சிட்டாங்க."

"தோத்தா என்னா, கேட்டாங்க இல்ல? அழுவாத. நான் கடேசில நின்னுகினு இருப்பேன். எனக்குக் கேக்கற மாதிரி பேசு."

அதற்குப் பிறகு அந்த வேடத்தை யார் கேட்டாலும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

விழாவன்று முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தவர் அம்மாவின் காண்ட்ராக்டர். பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தவர் என்பதால் மாலை போட்டிருந்தார்கள். அம்மா, கோயில் பூசைக்குப் போகும்போது மட்டும் உடுத்தும் நீலச் சேலையில், கூட வேலை பார்க்கும் பெண்களையும் அழைத்து வந்து கடைசியில் நின்றாள்.

சட்டம் நிறைவேறும் காட்சியில் பார்வையாளர்களும் கை தூக்க வேண்டும், அதைப் போட்டோ பிடித்துப் பள்ளியில் மாட்ட வேண்டும் என்பது டீச்சரின் யோசனை. மக்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட சட்டம் அல்லவா! யோசனை நல்லதுதான். மக்கள் என்ன செய்வார்கள் என்பதில்தான் டீச்சர் கணக்குத் தப்பிவிட்டார்.

நான் கடைசி வரிசையைப் பார்த்தே பேசினேன். பேசி முடித்ததும், "ஹுடுகி சரியாகி கேளித்தாளே" என்று கூட்டத்தில் ஒரு பெண் கன்னடத்தில் மெச்சினாள். பொண்ணு சரியாகத்தானே கேட்டிருக்கிறாள் என்று அர்த்தம். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அவைத் தலைவராக நின்ற பையன், ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றான். முன்வரிசை நாற்காலிகளில் இருந்தவர்கள் தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் என்று அவன் பேச்சுக்குத்தான் கேட்டான். பின்னாலிருந்து முதலில் எழுந்தது அம்மாவின் கை. பிறகு அவளைச் சுற்றி நின்ற பெண்களின் கைகள், அப்புறம் மைதானத்தில் பாதிக்கு மேல். காண்ட்ராக்டர் மாலையோடு திரும்பிப் பார்த்தார். சில கைகள் சட்டென்று இறங்கின. அம்மாவின் கை இறங்கவில்லை. மகள் ஜெயிக்க வேண்டுமென்றுதான் தூக்கியிருக்கிறாள் என்று நான் பூரித்துப்போனேன்.

சட்டம் தோற்றுவிட்டது. அவைத் தலைவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் ஓரத்திலிருந்து என்னென்னவோ சைகை காட்டினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் மனப்பாடம் செய்த அடுத்த வசனம்தான். "நான் தோற்றுவிட்டேன். ஆனாலும் இந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறேன். இதற்குள் இருந்துகொண்டே என் கேள்வியைக் கேட்பேன்" என்று, ஜெயித்தவள் முழங்கிவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டேன். மைதானமே சிரித்துக் கைதட்டியது. குடியரசு பிழைத்துக்கொண்டது.

இப்போது நானும் இங்கேதான் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். என் அடையாள அட்டையிலும் ஒப்பந்தத் தொழிலாளி என்றுதான் போட்டிருக்கிறது. அன்று எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வியை நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அந்தச் சட்டத்தையே கையில் வைத்துக்கொண்டு. சட்டத்தைப் பற்றி எனக்குப் பெருமைதான். இறங்காமல் நின்ற அந்தக் கையைப் பற்றி அதைவிடப் பெருமை.

விழாவுக்கு மறுநாள் காண்ட்ராக்டர் அம்மாவைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தி, சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். இது எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்து. அன்றைக்கு அவள் சொன்னது, "லீவு குடுத்திருக்காங்க பாப்பா" என்பது மட்டும்தான். அதன் பிறகு வெகுநாள் வரை, பள்ளிவிட்டு வரும்போதெல்லாம் அம்மா வீட்டில் இருந்தாள். நான் நன்றாக நடித்ததற்குக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த பரிசு அது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.