கணுக்காலில் கட்டிய பாவு நூல்

என் மகளுக்கு ஐந்தாவது மாதம். திருச்சுழியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு அருப்புக்கோட்டை திரும்பியதும், கண் பட்டிருக்கும் என்று மதினி, என் கணவரின் அக்கா, அவள் கணுக்காலில் கருப்புக் கயிறு கட்டினார். வீட்டிலேயே விசைத்தறி ஓடும்போது கடைக் கயிறு எதற்கு? தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் மிஞ்சிய கருப்பை நாலைந்து இழை சேர்த்து முறுக்கி, தறிக்காரர்கள் போடும் அவிழாத முடிச்சைப் போட்டார். விரல் நுழைய இடம் இருந்தது. நானும் பார்த்தேன்.

மறுநாள் குளிப்பாட்டி முடித்தபின் ஏதோ வேலையாக இருந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பாதம் நீலமாக இருந்தது.

"சாயம் இறங்கியிருக்கு பிள்ள. முத தண்ணியில இறங்கத்தான் செய்யும். இதுக்கும் செல்போன நோண்டப் போறியா?" என்று மதினி சிரித்தார்.

பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. ஆனால் விரல்கள் நாவல் பழ நிறத்திலேயே இருந்தன.

நான் எதையும் சந்தேகப்படுகிறவள், என் சந்தேகத்தையும் சேர்த்து. கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்த இடத்தில் சிவப்பு தயங்கித் தயங்கி வந்தது. மற்ற காலில் விரலை எடுத்ததுமே சிவந்தது. அதற்குமேல் எனக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இதயம் தள்ளிவிடும் ரத்தம் தமனிகளில் ஆழமாக, அழுத்தத்தோடு வருகிறது. கொஞ்சம் இறுகினால் அது நிற்காது. திரும்பிப் போகும் சிரைகளுக்குச் சுவர் மெல்லியது, பலவும் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன. அவைதான் முதலில் நசுங்கும். வந்த ரத்தம் போக வழியின்றித் தேங்கும். ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுக் கறுத்த அந்த ரத்தம்தான் தோலுக்கு மேலே நீலமாகத் தெரிகிறது. நனைந்த முறுக்கு நூல் சுருங்கி, கால் மடிப்புக்குள் புதைந்திருந்தது.

"கத்திரியக் குடுங்க மதினி."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அறுக்காத தாயி. சாமி முன்னால வச்சுக் கட்டுனது. இரு, அவுத்துப் பாக்கேன்."

ஈர முடிச்சு அசையவில்லை.

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க கால மட்டும் பிடிங்க."

கத்திரியின் மழுங்கிய முனையை உள்ளே விட்டு அறுத்தேன். குழந்தை வீறிட்டாள். நூல் இருந்த இடத்தில் சிவந்த பள்ளம். நாவல் நிறம் விரல் நுனிவரை மெல்ல மறைந்தது. நகத்தை அழுத்தினேன், உடனே சிவந்தது. மதினியும் அழுத்திப் பார்த்தார், ஒவ்வொரு விரலாக.

"சரியாயிருச்சு மதினி."

"இருந்தாலும் ஆஸ்பத்திரியில ஒரு எட்டுக் காட்டிட்டு வந்துருவோம். ஆட்டோவக் கூப்பிடு."

எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி என்று எப்போதும் சொல்வது நான்தான்; முதன்முறையாக மதினி சொன்னார்.