மூன்றாம் வாசலுக்குக் கடைசி அழைப்பு

நம்புகிறவர்கள் நம்புங்கள். இது என் அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, பட்டப்பகலில் நடந்தது. அவர் கதை கட்டுகிற ஆள் இல்லை. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால்கூடக் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

விமான நிலையத்தில் அவருக்கு ஒலிபெருக்கி வேலை. பழைய முனையம் அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது. மழை வந்தால் பயணிகளுக்கு நடுவே வாளி வைக்க வேண்டும். பக்கத்திலேயே கண்ணாடி மாளிகை மாதிரி புது முனையம் எழும்பிக்கொண்டிருந்தது.

பழையதில் அறிவிப்புச் சொன்னவரை எல்லோரும் ‘அறிவிப்பு அக்கா’ என்பார்கள். இருபது வருடக் குரல். ஒருநாள் மேலாளர் அத்தானைக் கூப்பிட்டார். அக்காவின் குரலில் ஊர்ப் பெயர், எண், ‘தயவுசெய்து’ எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். புது முனையத்தில் இயந்திரம் அதைக் கோத்துப் பேசும். ஆள் தேவையில்லை. அக்காவிடம் மூச்சு விடக் கூடாது.

“எதுக்குத் தம்பி இவ்வளவு?” என்று அக்கா கேட்டார்.

“சும்மாதான்க்கா. மைக் டெஸ்ட்.”

தொண்டை கட்டும்வரை பேசினார் அக்கா. வார்த்தைகளுக்கு நடுவே கேட்ட மூச்சுச் சத்தத்தை எல்லாம் அத்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தார். அடுத்த மாதமே அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா தம்பி?”

அத்தான் குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அதற்கப்புறம் புது முனையத்தில் அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் அவர் நெஞ்சில் முள் தைக்கும். ஒருதடவை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பார். எந்த முகத்தோடு போவது? நினைத்து நினைத்தே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

பழைய முனையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். மிச்சமிருந்த ஸ்பீக்கர்களைக் கழற்ற அத்தான் தனியாக உள்ளே போனார். மதியச் சாப்பாட்டு நேரம். இடிக்கும் இயந்திரம் நின்றிருந்தது. கரண்ட்டை என்றோ துண்டித்தாயிற்று. ஏணியில் ஏறி முதல் ஸ்பீக்கரைக் கழற்றினார். கீழே இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஏறினார்.

க்ர்ர்ர்…

குனிந்து பார்த்தார். தரையில் வைத்த அதே ஸ்பீக்கர். அதன் வயர் அறுந்து கிடந்தது.

டிங்… டாங்…

“பயணிகள் கவனத்திற்கு…”

அக்கா குரல்.

எங்கோ பதிவு ஓடுகிறது, அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அப்புறம்தான் உறைத்தது. பதிவில் மூச்சு கிடையாது. வெட்டியதே அவர்தான்.

இந்தக் குரல் மூச்சு வாங்கியது…

“தம்பி…”

ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“மூணாம் வாசல்… தம்பி… கடைசி அழைப்பு…”

“அக்கா… நான் வேணும்னு செய்யல…”

“ஓடு!”

குதித்தார். ஓடினார்.

மூன்றாம் வாசலைத் தாண்டினார்.

பின்னால்…

மொத்தக் கூரையும் இறங்கியது.

புழுதி அடங்கியதும் பார்த்தார். ஏணி நின்ற இடத்தில் சிமெண்ட் பாளங்கள் மலைபோலக் கிடந்தன. அன்று மாலையே விலாசம் விசாரித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

அக்காவின் மகள் கதவைத் திறந்தாள்.

“அம்மா போய் நாலு மாசம் ஆச்சே. உங்களுக்குத் தெரியாதா?”

அவளே தொடர்ந்தாள்.

“தொண்டையில கட்டி. ஆபரேஷன்ல குரலே போயிடுச்சு. கடைசி ஒரு வருஷம் அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசல.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“போறதுக்கு முந்தின நாள் மட்டும் உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சத்தம் வரல. கிட்டப் போய் உத்துப் பாத்தேன். ‘ஓடு, ஓடு’ன்னு திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை. யாரைச் சொன்னாங்கன்னு எங்களுக்கு இன்னி வரைக்கும் புரியல.”